மஞ்சள் தண்ணி வார்த்த சிறுத்தைப் பல்லி

என் தங்கச்சி கொழும்பு வேலையை விட்டு வீட்டுக்கு வந்தபோது ஒரு கையில் உடுப்புப் பை, மறுகையில் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு பல்லி. மஞ்சள் உடம்பு, தலை முதல் வால் வரை கறுப்புப் புள்ளி, வால் மட்டும் கொழுத்துக் கிடந்தது. சிறுத்தைப் பல்லியாம். கூட வேலைசெய்த பிள்ளை வெளிநாடு போகும்போது இவள் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். வேலியால் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்ட கதைதான். எங்கள் கனகராயன்குளத்து வீட்டுச் சுவரில் இல்லாத பல்லியா? அவை என்னிடம் சாப்பாடு கேட்பதில்லை. இதற்குக் கரப்பொத்தான் பிடித்துப் போடவேண்டும், குளிராமல் பல்பு எரிக்கவேண்டும்.

அவள் வந்தது சும்மா இல்லை. மார்பில் புற்றுநோய். அந்தச் சொல்லை நான் ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அல்சர் என்றேன். சொன்னால் வாசலுக்கு வருகிறவர்கள் அவளைச் செத்தவளாகவே பார்ப்பார்கள் என்ற பயம். பொழுது விடியமுன் எழும்பி, கூலிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சாப்பாட்டைச் சமைத்துக் கொடுத்துவிட்டு வந்து, அவள் சத்தியெடுத்ததைக் கழுவி, துணி தோய்த்து, மூன்று கிழமைக்கு ஒருமுறை மருந்து ஏற்ற பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். அதற்கு மேல் பொய்யையும் காவிச் சுமக்கவேண்டியிருந்தது. நானும் மனிசப் பிறவிதானே, அலுத்துப்போனேன்.

எங்கள் சனத்திடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கண்டவுடன் சுகமா என்று கேட்கமாட்டார்கள், நிறத்தைச் சொல்வார்கள். கறுத்துப்போனாய், வெளிறிப்போனாய், மெலிஞ்சுபோனாய். அக்கறையில்தான் சொல்கிறார்கள். நானும் வாழ்நாள் முழுக்கச் சொன்னவள்தான். ஆனால் அந்த மருந்து மயிரை மட்டும் கொண்டுபோகவில்லை. முகம் இருண்டது, நகங்கள் கறுத்தன. ஒருநாள் கடைக்குப் போனவளை முன்வீட்டு மாமி பிடித்துக்கொண்டார்.

"எடி பிள்ளை, என்னடி அடுப்புக்கரி மாதிரிக் கறுத்துப்போனாய்? அல்சருக்கு இப்பிடிக் கறுக்குமே?"

தங்கச்சி வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்தினாள். "அக்கா, நான் இனி மருந்தேத்தப் போகமாட்டன்" என்றாள்.

"விசர்க் கதை கதையாதை. இன்னும் கொஞ்சம்தானே கிடக்கு."

"நீ இந்த முகத்தோடை பஸ்ஸிலை ஏறிப் பார், அப்ப தெரியும்."

இடையில் நிறுத்தினால் வருத்தம் திரும்பி வரும் என்று டொக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். அது அவளுக்கும் தெரியும். கெஞ்சினேன், ஏசினேன், சாப்பிடாமல் கிடந்தும் பார்த்தேன். அவள் பல்லிப் பெட்டிக்கு முன்னால் இருந்தபடி என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்த மருந்துக்குப் போகவேண்டிய நாளும் நெருங்கிவிட்டது.

போவதற்கு முதல்நாள் மத்தியானம் அவள் அயர்ந்து தூங்கும்போது பார்த்தேன், பல்லி வெளிறிக் கிடக்கிறது. மஞ்சளைக் காணோம். உடம்பு முழுக்கச் சாம்பல் பூசியதுபோல் வெள்ளை. அந்தச் சீவனாலேதான் அவள் நாளுக்கு ஒருதரமாவது கட்டிலை விட்டு எழும்புகிறாள். அதுவும் செத்தால் இவளை யார் எழுப்புவது? பட்ட காலிலேதான் படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கறிவேப்பிலை கேட்டு மாமி வந்தார். எட்டிப் பார்த்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எடியே, உதுக்கு அம்மாள் போட்டிருக்கிறா. பார், உடம்பெல்லாம் கொப்புளம்!"

"பல்லிக்கு அம்மாள் வருத்தம் வருமே மாமி?"

"மாட்டுக்கு வருது, பல்லிக்கு வராதே? நில்லு, வேப்பிலை முறிச்சுக்கொண்டு வாறன்."

புள்ளியும் தோலின் சிறு முண்டும் முதலே இருந்தவை என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் தெம்பில்லை. யாராவது ஒருவர் ஏதாவது செய்தால் போதும் என்றிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, குசினிக் கோப்பைக்குள் பல்லியை இருத்தி, மாமி சிரட்டையால் அள்ளி அள்ளி வார்த்தார். நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்தால் பல்லி மஞ்சளோ மஞ்சள், வாய் ஓரம்கூட மஞ்சள்.

"பாத்தியே, நிறம் வந்திட்டுது!" என்றார் மாமி.

பின்னால் தங்கச்சி நின்றாள். பல்லியைப் பார்த்தாள், சிரட்டையைப் பார்த்தாள், பிறகு சிரிக்கத் தொடங்கினாள். இருமல் வரும்வரை சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டு எத்தனை மாதம்!

"அது தோல் கழட்டப் போகுது அக்கா. அதுதான் வெளுத்தது. தண்ணி வார்த்தது நல்லதுதான், தோல் இளகும். மஞ்சள்தான் கூடிப்போச்சு."

பல்லியைத் துணியால் ஒற்றியபடி அவளே சொன்னாள். குளிர்ந்தால் இருளும். சூடு கிடைத்தால் துலங்கும். பயந்தாலும் மங்கும். குட்டியில் பட்டை பட்டையாக இருந்ததாம், வளர வளரப் பட்டை உடைந்து புள்ளியானதாம். மாமி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "அப்ப நீ ஏனடி கறுத்தனி?" என்றார்.

"அது மாமி, அல்சர் மருந்து..." என்று நான் முந்தினேன்.

"அல்சர் இல்லை மாமி. கான்சர்" என்றாள் தங்கச்சி. "மருந்தாலை கறுத்தனான்."

மாமி தொப்பென்று கதிரையில் இருந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இவ்வளவு நாளும் உந்தப் பாரத்தைத் தனியவே காவினனி?" என்றார். நான் கோப்பையைக் கழுவப் போகிற சாட்டில் கிணற்றடிக்குப் போனேன்.

பொழுதுபடப் பல்லி தோலைக் கழற்றியது. மூஞ்சியைக் கல்லில் தேய்த்து, வாயால் இழுத்து இழுத்து உரித்து, உரித்ததை அப்படியே விழுங்கியது. "அட கோதாரி, தன்ரை தோலைத் தானே திண்டுது!" என்று மாமி கத்தினார். பெட்டிமேல் தான் செருகிய வேப்பங்கிளையை அவரே எடுத்து வெளியில் போட்டார். உள்ளே பளிச்சென்று வேறொரு மஞ்சள் இருந்தது. தங்கச்சி பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி, தன் கறுத்த நகத்தைக் கண்ணாடியில் வைத்து அந்த மஞ்சளைப் பார்த்தாள்.

காலையில் நான் கூப்பிடவில்லை. அவளே உடுத்து, தலையில் சால்வை கட்டி வந்தாள். "சொல்லியாச்சு. இனி ஆர் பாத்தால் என்ன?" என்றாள்.

கண்டி றோட்டுக்குப் போனால், இரவே தங்கச்சியிடம் பஸ் நேரம் கேட்டுவைத்த மாமி எங்களுக்கு முன்னமே வெளிக்கிட்டு நிற்கிறார், கையில் தண்ணீர்ப் போத்தலோடு. பஸ்ஸுக்கு நின்ற ஒரு மனிசி தங்கச்சியைப் பார்த்து, "என்ன பிள்ளை, சரியாக் கறுத்து..." என்று தொடங்க, மாமி பாய்ந்தார். "ஓம், கறுத்தவள்தான். தோல் கழட்டப் போறாள். நீ உன்ரை அலுவலைப் பார்!"

பஸ் வந்தது. தங்கச்சியை யன்னலோரம் இருத்தி, பக்கத்தில் மாமி இருந்துகொண்டார். ஏறப்போன என்னைக் கையால் மறித்தார். "நீ ஏறாதை. உன்ரை முகத்தைக் கண்ணாடியிலை பாத்தனியே? அவளை விட நீதான் கறுத்துப்போனாய். போய்ப் படு, நான் கூட்டிக்கொண்டு வாறன்."

பஸ் போனபிறகும் அங்கேயே நின்று அழுதேன். பிறகு வீட்டுக்கு வந்து, பல்லிக்கு ஒரு கரப்பொத்தான் பிடித்துப் போட்டுவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தேன். மாமி வந்து, "எழும்படி, கூட்டிக்கொண்டு வந்திட்டன்" என்று கதவைத் தட்டும்வரைக்கும் தூங்கினேன்.