பெர்கன் நகரில் அக்கா வைத்த கருவாட்டுக் குழம்பு

எங்கள் அக்கா கடலூர் தேவனாம்பட்டினத்தில், கட்டுமரத்தை நம்பிய குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். எங்கள் குப்பத்தில் நர்ஸ் படிப்பை முடித்த முதல் பெண் அவர். சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பணியாற்றியபோது, நார்வே நாட்டின் துறைமுக நகரமான பெர்கனில் ஓராண்டு மேற்பயிற்சிக்குத் தேர்வானார். அறுபதுகளின் நடுப்பகுதி அது.

“பொட்டப்புள்ளய கடல் தாண்டி அனுப்புறியா மச்சான்?” என்று தாய்மாமா அப்பாவிடம் சண்டைக்கு வந்தார்.

“ஆம்பளைங்க மட்டுந்தான் கடல் தாண்டணுமா? போயிட்டு வரட்டும்,” என்றார் அப்பா.

குளிரைத் தாங்கிய அக்காவால் சாப்பாட்டைத் தாங்க முடியவில்லை. காலையும் பகலும் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி. மாலை ஐந்து மணிக்கெல்லாம் வேகவைத்த மீனும் உருளைக்கிழங்கும். காரம், புளிப்பு எதுவும் கிடையாது. இளைத்துப்போய், ஒருநாள் வார்டிலேயே மயங்கி விழுந்தார். இப்படியே இருந்தால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார் தலைமைச் செவிலியர்.

அந்த வாரமே அக்கா துறைமுகத்து மீன்கடைக்குப் போனார். உப்பிட்டுக் காயவைத்த பெரிய பெரிய மீன்களை அடுக்கி வைத்திருந்தார்கள். “அட, நம்ம கருவாடு!” என்று தமிழிலேயே கத்திவிட்டாராம். அந்த ஊர் முறைப்படி அதைத் தண்ணீரில் ஊறவைத்து, அம்மா கொடுத்தனுப்பிய புளியும் மிளகாய்த்தூளும் போட்டு, ஞாயிற்றுக்கிழமை தான் தங்கியிருந்த விடுதிக்கே குழம்பு வைத்தார். பரிமாற நின்றவரை விடுதித் தலைவி நிற்க விடாமல் உட்காரவைத்தார். சமைத்தவர் உட்காராமல் அங்கே யாரும் சாப்பிடத் தொடங்க மாட்டார்களாம். உருளைக்கிழங்கின்மேல் குழம்பை ஊற்றி, கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டார்கள். எழும்போது ஒவ்வொருவரும் அக்காவைப் பார்த்து, “தக் ஃபோர் மாத்தன்” என்றார்கள். சாப்பாட்டுக்கு நன்றி என்று பொருள்.

அதன்பின் அக்கா தேறினார். பயிற்சியில் முதலாவதாக வந்தார்.

ஊர் திரும்பிய அன்று எங்கள் வீட்டில் வஞ்சிரக் குழம்பு. அப்பா, மாமா, அக்கா மூவருக்கும் இலை போட்டிருந்தது. அம்மாவும் நானும் பரிமாற நின்றோம். அக்கா சோற்றில் கை வைக்கவில்லை.

“அம்மாவும் தங்கச்சியும் உக்காந்தாதான் நான் சாப்புடுவேன்.”

“சீமைக்குப் போயி கத்துக்கிட்டது இதானா? பொம்பளைங்க அப்புறம் சாப்புடுவாங்க,” என்று மாமா சீறினார்.

“ஆக்குனவங்க உக்காராம அங்க யாரும் தொட மாட்டாங்க மாமா. இங்க மட்டும் ஏன்?”

அப்பா தன் இலையை ஓரமாக இழுத்துக்கொண்டார். பிறகு நகர்ந்து இடம் விட்டார். “வா புள்ள, இங்க உக்காரு.”

“கூச்சமா இருக்குதுங்க,” என்றபடி அம்மா உட்கார்ந்தார், பக்கத்தில் நானும். நடுத்துண்டை எடுத்து அம்மாவின் இலையில் வைத்தார் அப்பா. சாப்பிட்டு முடித்ததும், “கொழம்பு ஜோரா இருந்துது புள்ள,” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு சொல் கேட்டறியாத அம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அதன்பிறகு பெண்கள் பின்பந்தி கண்டதில்லை. அடுத்த பொங்கலுக்கு மாமா வீட்டிலும் அத்தைக்குச் சேர்த்தே இலை விழுந்தது.

அக்கா சிதம்பரத்தில் தலைமைச் செவிலியராகி, ஓய்வுபெறும்வரை நூற்றுக்கணக்கான பெண்களுக்குத் தொழில் கற்பித்தார். அவர் நோயுற்றுப் படுக்கையில் இருந்த கடைசி மாதங்களில் அவர்களே முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். இறுதி ஊர்வலத்தன்று கடல் தொழிலுக்குப் போகாமல் கூடிய குப்பத்து உறவினர்களுக்கும், சிதம்பரத்து அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. பாடை தூக்க ஆண்கள் முன்வந்தபோது, “எங்க சிஸ்டர நாங்க தூக்குறோம், வழி விடுங்க,” என்றார்கள் அவரிடம் தொழில் கற்ற ஆறு செவிலியர்கள். ஊரே ஒதுங்கி நின்றது. எங்கள் அக்காவைச் சுடுகாடுவரை தோள் மாற்றாமல் சுமந்து சென்ற அந்த ஆறு பெண்களையும் கைகூப்பி வணங்குகிறேன்.