பிலோமியின் பெயரை எழுதிய நாள்

சிவகாமி அம்மா இறந்துவிட்டார் என்று ஸ்ரீவைகுண்டம் பஸ் கண்டக்டர் அலுவலக வாசலில் வந்து சொன்னபோது, நான் புதிய குழந்தைகள் நலச் சட்டத்தின் முன்வரைவைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அவர் இதைப் படிக்காமலே போனது நல்லதுதானோ என்னவோ.

முன்பு தூத்துக்குடியில் அவர் குழந்தைகள் நல அதிகாரியாக இருந்தார். நான் அவருடைய டைப்பிஸ்ட். சட்டத்தைத் திருத்தப்போகிறார்கள், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளின் பெயர்களை எழுதி அனுப்புங்கள் என்று மேலிடம் கேட்டது. தருவைகுளம் என்ற மீனவ ஊருக்குப் போனோம். அம்மா ஆற்றங்கரையில், வயல் சூழ்ந்த ஸ்ரீவைகுண்டத்துக்காரர். கடற்கரை வழக்கம் அவருக்குத் தெரியாது. அங்கே பெற்றவர்கள் போய்விட்டால், ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்திய ஞானத்தாய் வளர்ப்பாள். சட்டப்படி காகிதம் எதுவும் கிடையாது.

சவேரியம்மாள் ஆறு வயதுப் பிலோமியைக் கூட்டிவந்து எங்கள் முன்னால் நிறுத்தினாள். "எழுதிக்கோங்கம்மா. பெத்தவ பிரசவத்துல போயிட்டா, அப்பன் கடலோட போயிட்டான். கோயில்ல ஏந்துனவ நான். இங்கன அது போதும்லா."

உதவி ஏதாவது வரும் என்று அம்மா மனதார நம்பினார். காகிதம் இல்லாததால் பாதுகாவலர் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதச் சொன்னார். எழுதியது என் கை.

உதவிக்குப் பதில் உத்தரவு வந்தது: பாதுகாவலர் இல்லாத பிள்ளைகளை விசாரணை முடியும்வரை இல்லத்தில் வைக்கவும். ஜீப் போய்ப் பிலோமியை ஏற்றிவந்தது. அம்மா அலைந்து திரிந்து, கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டின் நகலைக் காட்டி, பிள்ளையைத் திருப்பித் தரச்சொல்லி கோர்ட்டில் ஆணை வாங்கினார். அந்த இல்லத்தில் போய்க் கேட்டால், "வேற இல்லத்துக்கு மாத்தியாச்சே" என்றார்கள். அந்த வேறு இல்லத்தில், "அப்படிப் பிள்ளை இங்க வரவே இல்லை" என்றார்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் தேடினார். "நான் கேட்டேன், நம்பிச் சொன்னாங்க. அதாம்ளா என்னைத் தூங்கவிட மாட்டேங்கு" என்பார். இரண்டு விஷயங்களைச் சட்டத்தில் சேர்க்கச் சொல்லி விடாமல் எழுதினார். இல்லங்கள் பிள்ளையை எங்கே அனுப்பினாலும் பதிய வேண்டும். வளர்ப்பவரைக் கேட்காமல் பிள்ளையைத் தொடக் கூடாது. முன்வரைவில் முதலாவது இருக்கிறது. இரண்டாவதைக் காணோம்.

துக்க வீட்டில் சவேரியம்மாள் என் கையைப் பிடித்தாள். "ஏளா, புள்ளையப் பத்தி அம்மா ஏதாவது சொல்லிட்டுப் போனாங்களா?" இல்லை என்றேன். அவள் அழக்கூட இல்லை.

அடுத்த பட்டியலுக்கு என்னை ஆலந்தலை என்ற இன்னொரு கடற்கரை ஊருக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கேயும் எவரும் எதையும் மறைக்கமாட்டார்கள். பிள்ளைகளைக் கூட்டிவந்து நிறுத்துவார்கள். அம்மாவை அறிந்தவர்கள் அவருடைய தைரியத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது, எழுதிய பெயரே ஒரு பிள்ளையைத் தொலைத்துவிடுமோ என்ற அவருடைய பயத்தை.