வெறும் வயிறு

முன்னால் குனிந்த சிங்காரம், தின்ற பழைய சோற்றையும் மீன் குழம்பையும் பாயிலேயே கக்கிவிட்டான்.

"வெறும் வயித்தோட வரச் சொன்னேனேப்பா," என்றார் யோகா வாத்தியார் ராமானுஜம்.

அவர் முன்பே அப்படிச் சொன்னதில்தான் சிங்காரத்துக்குச் சந்தேகமே வந்திருந்தது. முதுகுப் பிடிப்பால் கட்டுமரம் தள்ள முடியாமல், மாமல்லபுரம் பள்ளிக்கூடத்தில் இலவச வகுப்பு என்று கேள்விப்பட்டு வந்தவன். எமர்ஜென்சிக் காலம். சாப்பிடாமல் வா, மல்லாந்து படு என்றால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்தான். அவனுக்கோ இன்னும் குழந்தை இல்லை. வயிறு நிறைந்தவனை அறுக்க மாட்டார்கள் என்று மூக்குமுட்டத் தின்றுவிட்டு வந்திருந்தான்.

"கத்திய எங்க வச்சிகிற, சாரு?"

"தேடிப் பாரேன்."

அலமாரியைத் திறந்து பார்த்தான். சாக்பீஸ்தான் இருந்தது.

மறுநாள் சாப்பிடாமல் வந்தான். மனைவி வச்சலாவைக் கதவோரம் காவலுக்கு உட்காரவைத்துவிட்டுப் படுத்தான். வகுப்பு முடிந்ததும் இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். முதுகுப் பிடிப்பு அப்படியேதான் இருந்தது.