பெட்ரோல் மூடியில் ஓர் ஊசித்துளை

குன்றின்மேல் நின்று குறைகேட்கும் செவ்வேளே! பிழையைச் செய்யும் கையையும், அதை ஒப்புக்கொள்ளும் வாயையும் ஒருங்கே எனக்குத் தந்தவன் நீ. இச்சிறு நினைவின் முதலிலும் நீயே நின்றருள்க.

இன்று தைத் திங்கள், வளர்பிறைப் பஞ்சமி, உத்திரட்டாதி கூடிய வியாழக்கிழமை. எழுதத் தொடங்குவதற்கு ஏற்ற நாள். காலையில் கோயில் வாசலில் ஒருவர் தம் மோட்டார் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பெட்ரோல் மூடியைத் துடைக்கும்போது அவர் கை ஒரு கணமும் தயங்கவில்லை. என் கண்ணோ அதன் நடுவில் துளை இருக்கிறதா என்று தேடிற்று. ஏன் தேடிற்று என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பெரும் போர் ஓய்ந்து சில ஆண்டுகள் சென்றிருந்தன. பதுளைக்கும் பண்டாரவளைக்கும் இடைப்பட்ட தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஆலைச் சாவிகளுக்குப் பொறுப்பாளனாக நான் இருந்தேன். மாலை வேளைகளில் தோட்டத்து முருகன் கோயிலில் விளக்குத் துலக்கிப் பதிகம் பாடுவேன். கோயில் மேட்டில் இருந்தது. திருவிழாவின்போது சுவாமியின் சப்பரத்தைத் தோளில் சுமந்து, செங்குத்தான கற்படிகள் வழியே, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு இறக்குவோம். முந்தின ஆண்டு சுமந்தவர்களில் ஒருவர் பாசியில் வழுக்கித் தோளெலும்பை முறித்துக்கொண்டார். கீழ்ப் பிரிவு லயங்களுக்கோ சப்பரம் போனதே இல்லை. அங்கே படியேற முடியாத முதியவர்களும், கைக்குழந்தைக்காரிகளும் மேளச் சத்தத்தை மட்டும் கேட்டுக் கைகூப்புவார்கள். ஆலையிலிருந்து கீழ்ப் பிரிவு வரை வழவழப்பான கார்ச் சாலை ஒன்று சென்றது. அது தோட்டத்தை நிர்வகித்த துரையின் சாலை. ஊர்வலத்துக்கு அனுமதி இல்லை. மூன்று முறை கேட்டோம். மூன்று முறையும் இல்லை என்றார்.

அந்த ஆடி மாதத்தில் துரை ஒரு பந்தயக் கார் வாங்கினார். கூரை கிடையாது, கதவு கிடையாது, இரண்டே இருக்கைகள். எஞ்சினை மூடிய தகட்டைக் குதிரைச் சேணம்போல் தோல்வாரால் இறுக்கியிருந்தார்கள். பண்டாரவளைக்கு அருகே ஒரு மேட்டுச் சாலையில் தோட்டத் துரைமார் இரண்டு நாள் பந்தயம் வைத்திருந்தார்கள். கார்கள் ஒவ்வொன்றாக மேடேறும். கடிகாரம் வைத்து நேரம் குறிப்பார்கள். வெள்ளிக்கிழமை ஒத்திகை, சனிக்கிழமை பந்தயம்.

துரை என்னை ஆலை வாசலுக்கு அழைத்தார்.

"கோயில் விளக்கு நீதானே தொடைக்கிறது?"

"ஆமாங்க தொர."

"நல்லா தொடைக்கிறே. என் காரும் அப்படி இருக்கணும். ரெண்டு நாள். யாரும் தொடக் கூடாது. தொட்டா, ரோடு இல்ல. தொடலன்னா, ஒங்க சாமி என் ரோட்டுல போகட்டும்."

இப்படியொரு வாக்கு வருமென்று நான் கனவிலும் எண்ணியதில்லை. வியாழன் பிற்பகலே பண்டாரவளைக்குப் போய்விட்டேன்.

காருக்கு இடம் கொடுத்தவர் கடைவீதியில் உருளைக்கிழங்கும் மண்ணெண்ணெயும் விற்ற முஸ்லிம் வியாபாரி. ஊரே அவரை நானா என்றுதான் அழைக்கும். கடைக்குப் பின்னாலிருந்த அவருடைய கிட்டங்கியில் மூட்டைகளை ஒதுக்கிக் காரை நிறுத்தினோம்.

பந்தயக் காரைச் சுத்தமாக வைத்திருப்பது விளக்குத் துலக்குவதைப்போல ஒரு முறை செய்து முடிக்கிற வேலையன்று. ஆடிக் காற்று ஊவா மலைகளில் புழுதியை அரைத்த மாவாக்கிக் கொண்டுவரும். துடைத்துத் திரும்புவதற்குள் பச்சை வண்ணத்தின்மேல் மறுபடி ஒரு படலம் படிந்திருக்கும். உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் அந்தப் புழுதியே வண்ணத்தைக் கீறிவிடும் என்பதை ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்து அறிந்தேன். பிறகு ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, துரை தந்த பதனிட்ட தோலால் நீரை வாங்கினேன். சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். மூட்டைமேல் உறங்கிய நானாவின் கோழிகள் இருக்கைமேல் ஏறாதபடி சாக்கால் மூடினேன். கதவுக்கு ஆலைப் பூட்டையே கொண்டுவந்து போட்டேன்.

துடைக்கத் துடைக்க எனக்கு ஆவல் கூடிற்று. இந்தக் குழாய் எங்கே போகிறது? இந்தக் கம்பியை இழுத்தால் எது அசையும்? எஞ்சினுக்குப் பின்னால், ஓட்டுபவரின் முழங்காலுக்கு மேலே பெட்ரோல் தொட்டி இருந்தது. அதிலிருந்து செம்புக் குழாய் ஒன்று கீழே இறங்கிற்று. பெட்ரோல் தன் பாரத்தால் தானே வழிந்து எஞ்சினைச் சேரும் என்று துரை சொல்லியிருந்தார். தொட்டியின் வாயில் திருகும் பித்தளை மூடி. அதை மெருகேற்றும்போதுதான் நடுவில் ஒரு துளையைக் கண்டேன். ஊசி நுழையுமளவு சிறியது. நான்கு பக்கமும் புழுதி பறக்கும் இடத்தில், பெட்ரோலுக்கு நேர் மேலே திறந்த துளையா? செய்தவன் மறந்து விட்ட குறை என்றே முடிவு செய்தேன். கோயில் உண்டியலின் ஆணித்துளைகளை அடைக்கும் தேன்மெழுகு என் மடியில் இருந்தது. ஒரு துளி உருக்கி அடைத்து, மேலே தேய்த்து மினுக்கினேன். துளை இருந்த சுவடே தெரியவில்லை. எனக்கு அதில் பெருமையும் உண்டாயிற்று.

அன்று மாலையே கார் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. தொடாதே என்றால் ஓர் ஆள் கேட்பான், நூறு ஆள் கேட்பார்களா? ஆகையால் பச்சரிசி மாவு வாங்கிக் காரைச் சுற்றி நெளிகோலம் ஒன்று வளைத்துப் போட்டேன். கோலத்தை மிதிக்க எந்தப் பெண்ணுக்கும் கால் வராது. பெண்கள் நின்ற இடத்தைத் தாண்ட ஆண்களுக்கு வெட்கம்.

"தம்பி, என்ட கிழங்குக் கிட்டங்கிய கோயிலாக்கிப் போட்டீங்களே!" என்றார் நானா.

"இன்னும் ரெண்டு நாளுதான் நானா."

"அதுக்குள்ள யாரும் இங்க மொட்ட போட வராமப் பாத்துக்கங்க."

என் மனைவியின் அண்ணன், எங்கள் தோட்டத்துக் கங்காணி, தன் ஆட்களோடு வந்திருந்தார். கோலத்தின் ஓரத்தில் கால் விரலை ஊன்றிக்கொண்டு, காரின் ரப்பர் ஊதுகொம்பையே வெறித்துப் பார்த்தார்.

"மச்சான், ஒரே ஒரு அமுக்கு. சத்தத்த மட்டும் கேட்டுட்டுப் போயிர்றேன்."

"கைய எடுங்க மச்சான். ரோடு போயிரும்."

"சாமியவே தொட்டுத் தூக்குறோம். இது என்ன, சாமிக்கு மேலயா?"

"சாமி கோவிச்சுக்காது. தொர கோவிச்சுக்குவாரு."

கூட்டம் சிரித்தது. கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி, "அண்ணே, கங்காணி காலையில பெரட்டுல ஆளுங்கள எண்ணிக் கத்துறதே கொம்பு ஊதுற மாதிரித்தான் இருக்கு. அவருக்கு எதுக்கு இன்னொரு கொம்பு?" என்றாள். மச்சான் கையை மடக்கிக்கொண்டார். ஒரு விரல்தடமும் விழாமல் அந்த மாலை கழிந்தது.

வெள்ளி காலை துரை வந்தார். காரைச் சுற்றி வந்து, கழுத்தளவு பெட்ரோல் நிரப்பி, மூடியைத் திருகி ஏறினார். நானும் பின்னால் சாலைக்கு ஓடினேன். கார் சீறிப் பாய்ந்தது. முதல் வளைவையும் இரண்டாம் வளைவையும் கடந்தது. மூன்றாவதில் இருமிற்று, விக்கிற்று, நின்றது.

துரை இறங்கி மூடியைத் திறந்து, குச்சி விட்டுப் பார்த்தார். பெட்ரோல் நிறைய இருந்தது. மூடிவிட்டுக் கைப்பிடியைச் சுழற்றினார். எஞ்சின் உடனே உயிர்பெற்றது. சற்றுத் தூரம் போய் மறுபடி நின்றது. இப்படியே நான்கு முறை. கடைசியில் ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கிட்டங்கி வாசலில் குழாய்களைக் கழற்றி ஊதினார், பூட்டினார், நின்றபடியே எஞ்சினை ஓடவிட்டார். சிறிது நேரத்தில் அங்கேயும் நின்றது.

"பெட்ரோல்ல அழுக்கு. யாரோ என்னமோ போட்டிருக்கான். ராத்திரி யாரு உள்ளே வந்தது?"

"யாரும் இல்லைங்க. பூட்டிட்டு வாசல்லதான் படுத்திருந்தேன்."

அவர் கண் நானாவின் கடையாட்கள்மேல் சென்று தங்கியது. "கடை ஆளுங்க ஒருத்தனும் இனிமே கிட்டே வரக் கூடாது. நாளைக்கும் இப்படி நின்னா, போலீசுக்குச் சொல்றேன்" என்று கூறித் தாம் தங்கியிருந்த விடுதிக்குப் போய்விட்டார்.

கடைக்குள் வந்து உட்கார்ந்தேன். யாரும் தொடவில்லை, அதற்கு நான் சாட்சி. பிறகு எப்படி நின்றது? மூடியைத் திறந்தபின் ஒவ்வொரு முறையும் ஏன் ஓடிற்று? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அப்போது ஒருவர் போத்தலோடு மண்ணெண்ணெய் கேட்டு வந்தார். நானா திறக்காத புது மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை எடுத்து, மூலையில் ஆணியால் ஒரு துளையிட்டுச் சாய்த்தார். எண்ணெய் கொஞ்சம் விழுந்தது, நின்றது. குடுக் என்று ஒரு விக்கல். மறுபடி கொஞ்சம் விழுந்தது. காலையில் மூன்றாம் வளைவில் நான் கேட்ட அதே விக்கல்!

நானா எதிர்மூலையில் இன்னொரு துளை போட்டார். எண்ணெய் நூல் பிடித்தாற்போல் ஒழுகிற்று.

"நானா, ரெண்டாவது ஓட்ட எதுக்கு?"

"காத்துப் போக வேணாமா தம்பி? எண்ண வெளிய வரோணும்டா காத்து உள்ள போவோணும். பச்சப் புள்ளைக்கும் தெரியுமே."

எனக்குத் தெரியவில்லை. அந்த இரும்பு ஆணியை அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனேன். நானாவும் பின்னாலேயே வந்து, தமக்கு இட்ட தடையை நினைத்துக் கோலத்துக்கு வெளியே நின்றார். மூடியைப் பற்றித் திருகினேன். உஸ் என்று ஒரு நீண்ட மூச்சு உள்ளே போயிற்று.

"அல்லாவே! வண்டி மூச்சு விடுதே!" என்றார் நானா.

ஆணிமுனையால் மெழுகைத் தோண்டி எடுத்தேன். எள்ளின் பாதியளவும் இல்லாத அது என் நகத்தின்மேல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. நடந்ததை நானாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் சிரித்தார். பிறகு தணிந்த குரலில், "எடுத்துட்டீங்க, முடிஞ்சுது. நாளைக்குக் காரு ஓடும், ஒங்கட சாமிக்கு ரோடும் கெடைக்கும். தொரட்ட போய்ச் சொல்லிப் போடாதீங்க" என்றார்.

நியாயமான பேச்சு என்றே எனக்கும் பட்டது. கீழ்ப் பிரிவின் முதியவர்கள் கண்முன் வந்தார்கள். என் வாயைப் பூட்டிக்கொண்டால் அவர்களுக்குத் தரிசனம். திறந்தால் இன்னோர் ஆண்டு மேளச் சத்தம் மட்டும்.

"ஒங்க ஆளுங்க மேல அவருக்குச் சந்தேகம், நானா."

"சந்தேகம் எங்களுக்குப் பழக்கந்தானே" என்று சொல்லிவிட்டு, அவர் வேறெங்கோ பார்த்தார். அந்தப் பார்வைதான் என்னை எழுப்பிற்று. பொய்யின்மேல் நடத்தி வரும் சப்பரத்துக்கு எந்தப் பதிகத்தை நான் பாடுவது?

வெளிச்சம் இருக்கும்போதே விடுதிக்குப் போனேன். துரை முன்விறாந்தையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். மெழுகுத் துணுக்கை ஒரு வெற்றிலையில் வைத்து நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன்.

"நீயா?"

"நாந்தாங்க."

"ஏன்?"

"தூசி போகும்னு நெனச்சேங்க."

அவர் வெற்றிலையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "காலையிலேருந்து மூணு துரைமாரச் சந்தேகப்பட்டேன். கடைக்காரனச் சந்தேகப்பட்டேன். யாரும் தொடக் கூடாதுன்னு சொன்னேனே, நீ அந்த யாரும்ல சேர்த்தி இல்லையா?"

காவல் காப்பவனின் கையையும் காவல் காக்க வேண்டும் என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

"கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க தொர" என்று மட்டும் கேட்டேன்.

"நாளைக்கு ஓடினா சொல்றேன். நீ போ."

சனிக்கிழமை கார் ஓடிற்று. மூன்றாம் வளைவில் நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அது விக்காமல் கடந்து, மேட்டின் தலையில் புழுதியாய் மறைந்தது. இரண்டாவதாக வந்ததென்று பிறகு அறிந்தேன். மாலையில் துரை கடைவாசலில் காரை நிறுத்தினார். நானாவிடம் நேரே போய், "உன் ஆளுங்க மேலே தப்பு இல்ல" என்றார். நானா தலையசைத்து, வாடகையோடு கோழிகளுக்குப் போன தூக்கத்துக்கும் ஏதாவது சேர்த்துக் கொடுக்கலாம் என்றார். துரைக்கு அது புரிந்ததோ இல்லையோ, சிரித்தார்.

பின்பு என்னிடம் திரும்பினார். "ரோடு சாமிக்கு. ஆனா இனிமே என் கார் ஒனக்கு இல்ல."

அப்படியே நடந்தது. மறு ஆண்டு பந்தயத்துக்கு வேறொருவரை அழைத்துப் போனார். எத்தனையோ குழாய்களும் கம்பிகளும் எதற்கென்று தெரியாமலே எனக்கு நின்றுபோயின. இன்றும் அவற்றை எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஆனால் அந்தப் பந்தயத்தை அடுத்து வந்த பங்குனித் திருவிழாவிலேயே சப்பரம் கார்ச் சாலையில் இறங்கிற்று. வழுக்கப் படியில்லை, சுமந்தவர்கள் பாட்டுக்கு ஏற்ப நடந்தார்கள். கீழ்ப் பிரிவு லயத்துக்கு முன் சுவாமியை இறக்கி வைத்தோம். பல ஆண்டுகளாக மேளத்தை மட்டும் கேட்டிருந்த ஒரு மூதாட்டியை மகன்மார் கட்டிலோடு வெளியே தூக்கி வந்தார்கள். அவர் கைகூப்பவில்லை. வேலின் நுனியிலிருந்து மயிலின் கால்நகம் வரை ஒவ்வொன்றாக நெடுநேரம் பார்த்துவிட்டு, "இம்புட்டுச் சின்னப் புள்ளயா நீ?" என்று கேட்டார். நான் பதிகத்தை முதலடியிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

இதைப் படிப்பார் யாவர்க்கும் கண்ணில் ஆவலும் நாவில் மெய்யும் குன்றாதிருப்பதாக. அவர்தம் வாசல்தோறும் சுவாமி தாமே இறங்கி வந்து நின்றருள்வாராக.