தீமைப் பக்கம் பேசப் போனேன்

இன்று பாடசாலையில் விவாதப் போட்டி. "மதத்தால் சமூகத்துக்குத் தீமையே" என்று நான் பேச வேண்டும்.

வழியில் சோதனைச்சாவடியில் எல்லோரையும் பஸ்ஸால் இறக்கினார்கள். கையில் பௌத்த பிக்குமார் ஓதிக் கட்டும் பிரித் நூல் கட்டியிருந்த சிப்பாய் என் பேச்சுத் தாள்களைப் புரட்டினார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. என்னைத் தனியே நிற்கச் சொன்னார்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்து வந்த கிண்ணியா மாமி அவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். சிப்பாய் தாள்களை இரண்டு கைகளாலும் மரியாதையாகத் திருப்பித் தந்தார்.

"என்ன மாமி சொன்னீங்கள்?"

"சமயப் பேச்சு எண்டு சொன்னன். சரிதானே புள்ள?"

"ஓம் மாமி. ஆனால் சமயத்தை ஏசித்தான் எழுதியிருக்கிறன்."

"அல்லாஹ்வே! வாய மூடிக்கிட்டு ஏறு."

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நாங்கள்தான் வென்றோம். எதிரணியிடம் நல்ல உதாரணம் ஒன்றுகூட இருக்கவில்லை. என்னிடம் ஒன்று இருந்தது, காலையில் சோதனைச்சாவடியில் கிடைத்தது; நான் கொடுக்கவில்லை.

கொடுத்திருக்க வேண்டுமா?