எனக்காகப் பத்லி நின்றவர்கள்

சகோதரிகளே, என் இடது மார்பில் கட்டி வந்ததை நான் முதலில் சொன்னது ஆண்டவரிடம்தான். மனுஷரிடம் சொல்ல வெட்கம்.

சீனாவோடு சண்டை நடந்த வருஷம் அது. ஜோகுபாளையத்தில் ஒரு வாடகை வீடு. கணவர் தவறிவிட்டார், இரண்டு பெண்பிள்ளைகள். அல்சூரில் ஒரு பங்களாவில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலை செய்துதான் பிழைப்பு. கட்டி வலிக்கவில்லை. தினமும் எண்ணெய் தடவி, "ஆண்டவரே, இதைக் கரைத்துவிடும்" என்று ஜெபித்தேன். கரையவில்லை. இன்னும் கெட்டியானது.

பெரியாஸ்பத்திரிக்குப் போனால் படுக்கவைப்பார்கள். ஆயா படுத்தால் பங்களாவில் மறுநாளே வேறு ஆள். பிள்ளைகள் சோற்றுக்கு எங்கே போவார்கள்? எங்களைப் போன்றவர்களுக்கு வியாதியைவிட லீவுதான் பயம். வேலை செய்துகொண்டே செத்துப்போகலாம் என்றுகூட நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில், "உடம்பு சரியில்லை, ஜெபியுங்கள்" என்று மட்டும் சொன்னேன். எல்லோரும் கண்ணை மூடினார்கள். பக்கத்துத் தெரு ரோசம்மா அக்கா மூடவில்லை.

"உடம்புல எங்கடி?"

அழுதுகொண்டே சொன்னேன்.

"ஆஸ்பத்திரில காட்டினியா?"

"வேலை போயிடும்க்கா."

அக்கா மற்றவர்களைப் பார்த்தார். "இவளுக்கு நம்மதான் பத்லி. ஆளுக்கு ஒரு நாள் பங்களாவுக்குப் போவோம். இத முடிவு பண்ணிட்டு ஜெபம் பண்ணலாம்."

அவர்களும் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள்தான். விடிவதற்கு முன்பே எழுந்து தங்கள் வேலையை முடித்துவிட்டு எனக்குப் பதிலாகப் போய் நின்றார்கள். சம்பளத்தை அப்படியே என் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு அக்கா கூடவே வந்தார். அங்கே பேச்செல்லாம் கன்னடம், எனக்கு அது அவ்வளவாக வராது. ஏன் இத்தனை நாள் கழித்து வந்தாய் என்று டாக்டர் சத்தம் போட்டபோது, அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளவும் அக்காவே பத்லி.

புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன் ஆனது, பிறகு கரண்ட் என்று சொல்லும் கதிர் சிகிச்சை வைத்தார்கள். மாதக்கணக்கில் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. திரும்பிப் போனபோது வேலை எனக்காகக் காத்திருந்தது. கை மாறிக் கை மாறி வளர்ந்ததில், பங்களாக் குழந்தை எனக்குத் தெரியாத தாலாட்டெல்லாம் கேட்டு அடம்பிடித்தது.

ஒரு மார்பு போனது, உயிர் இருக்கிறது. என் பெரிய மகளுக்குக் கல்யாணமும் பார்த்துவிட்டேன். கட்டியைக் கரைக்கச் சொல்லிக் கேட்டேன், ஆண்டவர் ஆட்களை அனுப்பினார். அவர் நமக்குப் பதிலாக நின்றார் என்று சிறுவயதிலிருந்து பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அந்த வருஷம்தான் புரிந்தது.

சகோதரிகளே, ஜெபியுங்கள், அவர் கேட்கிறார். ஆனால் கட்டியை மறைக்காதீர்கள். வேலை போய்விடும் என்று பயமா? எந்த பங்களா என்று மட்டும் சொல்லுங்கள். நாளைக் காலையில் நான் அங்கே நிற்கிறேன்.