கோமளா போட்ட ஓட்டு

கெலாங் பாத்தாவில் ஒரு கடைவீட்டு மாடியில் கூடும் சபைதான் கோமளாவுக்கு உறவும் ஊரும். ஆபரேஷன் ஆகி அவள் படுத்துக் கிடந்தபோது கஞ்சி காய்ச்சி ஊட்டியவர்கள் சபைச் சகோதரிகள். கணவன் தயானந்தன் அங்கே மூப்பர்.

“நம்ம ராஜ்யம் இந்த உலகத்துல இல்ல. ஓட்டுப் போடுறவன் வேற ராஜாவுக்கு மண்டி போடுறான்,” என்று அவன் பிரசங்கிக்கும்போது அவளும் ஆமென் சொல்லி வந்தவள்தான்.

பிறகு பக்கத்து வீட்டு ஷாமளாவின் கணவனைத் துறைமுகத்து லோரி ஒன்று அடித்துப் போட்டது. சிக்னல் விளக்கு கேட்டு அந்தத் தாமான் குடியிருப்பே அலைந்த முச்சந்தி அது. சாவு வீட்டில் தயானந்தன், “கர்த்தருடைய சித்தம்,” என்றான். ஷாமளா அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கோமளாவைத்தான் பார்த்தாள்.

அந்த மார்ச்சில் ஜோகூர் சட்டமன்றத் தேர்தல். மார்க்கெட்டுக்கென்று சொல்லிவிட்டு, ஷாமளாவோடு போய் கோமளா ஓட்டுப் போட்டாள். விரல் மையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாள், தோல்தான் எரிந்தது.

மறுநாள் ஞாயிறு ஆராதனையில் அவளை யாரும் திட்டவில்லை. திருவிருந்து அப்பத் தட்டு மட்டும் அவளைத் தாண்டிப் போனது. வீட்டில் தயானந்தன் தனியே அறைக்குள் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினான். மீன்கடையில் எதிர்ப்பட்ட சகோதரிகள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மகள் லோஷினியின் எஸ்.பி.எம். பள்ளியிறுதிப் பரீட்சை முடிந்த கையோடு, உபவாச ஜெபத்துக்கென்று அவளைப் பெக்கோக்கில் இருந்த சபை வீட்டுக்குத் தயானந்தன் கூட்டிப்போனான். ஒரு வாரம் என்றவன் திரும்பவே இல்லை. பிள்ளையின் போனும் அடைத்துக் கிடந்தது.

கோமளா காரெடுத்துக்கொண்டு தேடிப் போனாள். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பழைய பங்களா. லோஷினி கேட் வரை வந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. கம்பியை அவள் தொடவில்லை.

“வா கண்ணு, வீட்டுக்குப் போலாம்.”

“எல்லாருக்கும் முன்னால நீங்க மன்னிப்புக் கேக்கணுமாம். அப்பா சொன்னாங்க.”

“கேட்டுட்டா நாம ரெண்டு பேரும் போயிறலாமா?”

பிள்ளை திரும்பிப் பார்த்தாள். வராந்தாவில் தயானந்தனும் சகோதரிகளும் வெள்ளை உடையில் நின்றிருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

“சாப்பிட்டியாம்மா?”

“இன்னும் இல்ல. நீங்க மன்னிப்புக் கேட்ட பிறகுதான் எனக்குச் சாப்பாடாம்.”

“மன்னிப்புக் கேக்குறேன், திறங்க,” என்றாள் கோமளா, வராந்தாவைப் பார்த்து. ஒரு சகோதரி சிரித்த முகத்தோடு வந்து கேட்டைத் திறந்தாள். கோமளா உள்ளே போனதும் சங்கிலியைச் சுற்றிப் பூட்டினாள்.